நட்சத்திரங்கள் அனுமதிக்கவில்லை

நட்சத்திரங்கள் பொய் சொல்லாது என்று வானியல் விஞ்ஞானி டாக்டர் அங்கயற்கண்ணி இருபத்துமூன்று வருடங்களாக மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மைதான். பொய் சொன்னது நட்சத்திரங்கள் அல்ல.

சம்மன் வந்த அன்று சென்னையில் நாற்பத்தெட்டு டிகிரி. தபால்காரர்கள் காலை ஏழு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. ஆறே முக்காலுக்குக் கதவைத் தட்டியவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

நீதிபதி சிவசைலம் ஒரு நபர் விசாரணை ஆணையம், தூத்துக்குடி. உப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த, காலஞ்சென்ற அமலதாஸ் ஃபெர்னாண்டோ, 2038-ல் பொய்த் தரவு தயாரித்ததாகப் பணிநீக்கம் செய்யப்பட்டது சரியா என்று விசாரிக்க. மனுதாரர், மகள் ஜெசிந்தா.

அங்கயற்கண்ணி அதை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். எதிர்பார்த்ததுதான். போன டிசம்பரில் சிலி நாட்டில் ஒரு ஆய்வகம் குளிர்ச்சுவரைச் செய்து காட்டியதிலிருந்து எதிர்பார்த்ததுதான். மின்சாரத்தை விழுங்காத, பின்பக்கம் அனல் கக்காத சுவர். அறையின் சூட்டை வாங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியாக மாற்றி, வானத்துக்கே அனுப்பிவிடும் சுவர். விஞ்ஞானிகள் அந்த ஒளியை டார்க் ஃபோட்டான் என்றார்கள். பத்திரிகைகள் மறையொளி என்றன.

செய்தி வந்த மறு வாரமே தூத்துக்குடியில் யாரோ ஞாபகப்படுத்திவிட்டார்கள். 'இதையே நம்ம ஊர்ல ஒருத்தர் இருபத்தொரு வருஷம் முன்னாடி சொன்னார். மோசடிக்காரன்னு துரத்திவிட்டோம்.'

துரத்தியதற்குக் காரணமாகக் கோப்பில் இருந்தது ஒரே ஒரு வரி. நிபுணர் கருத்து. 'இத்தகைய குளிர்ச்சியை நட்சத்திரங்கள் அனுமதிக்கவில்லை.'

அடியில் அவள் கையெழுத்து.

*

வெயிலுக்குப் பயந்து ஆணையம் காலை ஆறு மணிக்குக் கூடி ஒன்பதுக்குக் கலைந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய விருந்தினர் மாளிகை. கூடத்தில் முப்பது நாற்காலி. முக்கால்வாசியில் உப்பளத்து ஆட்கள், உள்ளங்காலை நாற்காலியின் குறுக்குக் கம்பியில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நீதிபதி சிவசைலத்துக்கு எழுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு நாளா இந்தக் கோப்பைப் படிக்கேன். ஒண்ணும் பிடிபடல. நட்சத்திரத்துக்கும் உப்பளத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

கூடத்தில் லேசாகச் சிரிப்பு.

"சொல்றேன் ஐயா. வெளிச்சத்துக்கு ஒரு தம்பி இருக்கான்னு வச்சுக்கோங்க. கண்ணுக்குத் தெரியாத தம்பி. சுவர், மலை, கடல் எதுவும் அவனைத் தடுக்காது. எப்போவாவது அண்ணன் தம்பியா மாறிடுவான். மாறின உடனே அங்க இருக்கிற சூட்டைக் கையில எடுத்துக்கிட்டு ஓடிப்போயிடுவான்."

"எங்க வீட்லயும் அப்பிடி ஒரு தம்பி உண்டு. மேல சொல்லுங்க."

"அவன் இருக்கானா இல்லையான்னு பூமியில வச்சுக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். நட்சத்திரத்துல சுலபம். நட்சத்திரம் ஒரு பெரிய அடுப்பு. தம்பி இருந்தா அடுப்புச் சூடு திருட்டுத்தனமா வெளிய போகும். அதுக்கு ஈடு கொடுக்க அடுப்பு வேகமா எரியும். விறகு சீக்கிரம் தீரும்."

"தீரட்டும். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல போய் நின்னு பாத்தீங்களா?"

"எண்ணிப் பாத்தோம். நட்சத்திரத்துக்குக் கடைசிக் காலத்துல ரெண்டு கட்டம். முதல்ல சிவந்து பெருசாகும். அப்புறம் சுருங்கி நிதானமா எரியும். தம்பி இருந்தா அந்த நிதானமான கட்டம் சட்டுனு முடிஞ்சிடும். கல்யாண மண்டபத்துல பந்தி சீக்கிரம் முடிஞ்சா, எந்த நேரத்துல எட்டிப் பாத்தாலும் இலைக்கு முன்னாடி ஆள் கம்மியா இருக்கும் இல்லையா? அதே கதைதான். ஒரே வயசு நட்சத்திரங்கள் லட்சக்கணக்குல கூடியிருக்கிற கொத்துகள் வானத்துல இருக்கு. அங்க சிவந்தது பத்து இருந்தா, நிதானமா எரியறது பதினாலு இருக்கணும். தம்பி இல்லேன்னா பதினாலு. இருந்தா குறையும்."

"உங்களுக்கு எத்தன வந்துச்சு?"

"பதினாலு."

சுருக்கெழுத்துக்காரப் பெண் தலைநிமிராமல் அடித்துக்கொண்டாள்.

"ஆக, தம்பி இல்லேன்னு முடிவு பண்ணீங்க. அமலதாஸ் ஒரு உப்புப் படிகத்தைப் பெட்டிச் சுவர்ல பூசி, உள்ள மூணு டிகிரி குறையுது, குறைஞ்ச சூடு வெளிய எங்கயும் வரலேன்னாரு. உப்பளத்துல மத்தியானம் ஒதுங்க ஒரு அறை கட்டலாம்னாரு. நீங்க அப்பிடிக் குறைய முடியாதுன்னீங்க. இப்ப சிலி நாட்டுக்காரன் குறைச்சுக் காட்டிட்டான். அப்போ உங்க பதினாலு?"

"தப்பு ஐயா. போன மாசம் ரெண்டு நாட்டுல திரும்ப எண்ணியிருக்காங்க. பதினொண்ணரைதான் வருது."

நீதிபதி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அங்கயற்கண்ணிக்கு என்னவோ செய்தது.

"அந்தக் காலத்துக் கருவி, அந்தக் காலத்து அறிவு. நேர்மையா எண்ணுனீங்க, தப்பா வந்துச்சு. விஞ்ஞானத்துல அது சகஜம். அப்பிடியே பதிவு பண்ணிக்கலாமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாளிகையில் கரண்ட் போனது. மின்விசிறிகள் நிற்க, ஆட்கள் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள்.

"நாளைக்குப் பாப்போம்" என்றார் நீதிபதி.

*

தாழ்வாரத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் எவர்சில்வர் டம்ளருடன் நின்றிருந்தாள். நாற்பது வயது. மணிக்கட்டில் இரண்டு கடிகாரம். ஒன்றில் நேரம், இன்னொன்றில் வெப்பம்.

"மேடம், நா ஜெசிந்தா. அமலதாஸ் மக."

அங்கயற்கண்ணி கை கூப்பினாள்.

"குடிங்க மேடம், நன்னாரி. ஐஸ் போடல, வெயில்ல இருந்து வந்து குடிச்சா தொண்டை கட்டிரும்." டம்ளரைக் கையில் திணித்தாள். "நா உப்பளத்து மருத்துவ வண்டியில நர்ஸா இருக்கேன். பத்து மணிக்குப் போவணும். நீங்க சொன்னதுல எனக்குப் பாதி வெளங்கல. ஒண்ணு மட்டும் வெளங்குச்சு. அப்பா பொய் சொல்லல. நீங்களும் பொய் சொல்லல. தப்பா எண்ணிட்டீங்க. அம்புட்டுதானே?"

"ஜெசிந்தா..."

"எனக்கு அது போதும் மேடம். அப்பா பொய் சொல்லலேன்னு ஆணையத்துல ஒரு வரி வந்தா போதும். அம்மாவுக்கு எண்பது வயசு ஆவுது. இருபது வருசமா மாதா கோயிலுக்குப் போனா பின் பெஞ்சுலதான் உக்காருதா. யாரும் போவச் சொல்லல, இவளாப் போயி உக்காந்துக்கிடுதா. அந்த ஒரு வரியை வாசிச்சுக் காட்டி அவளை ஒரு நாள் முன் பெஞ்சுல உக்கார வைக்கணும்."

"கோபம் இல்லையா என் மேல?"

"இருந்துச்சு. வண்டியில ஒரு நாளைக்கு ஒம்பது பேரு, பத்து பேரு மயங்கி வருவாங்க. எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போவ மாட்டாங்க. அப்பல்லாம் உங்க பேரச் சொல்லித் திட்டிருக்கேன். பொய் எதுக்கு?" சிரித்தாள். "இன்னைக்கு உங்களப் பாத்தேன். வயசானவங்க, இவ்வளவு தூரம் வந்து, தப்புதான்னு சபையில சொல்லுதீங்க. யாரு சொல்லுதா இந்தக் காலத்துல? ரொம்ப நன்றி மேடம்."

டம்ளரை வாங்கிக்கொண்டு வேகமாகப் படியிறங்கிப் போனாள்.

அங்கயற்கண்ணி சுவரில் கை வைத்து நின்றாள். சுவர் சுட்டது. நாளைக்குக் காலை 'ஆமாம் ஐயா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜெசிந்தாவுக்கு அவள் கேட்ட வரி கிடைத்துவிடும். நீதிபதிக்கு அறிக்கை முடிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

காயல்பட்டினத்துக்கு வண்டி கிடைக்குமா என்று மாளிகைக் காவலாளியிடம் கேட்டாள்.

*

வண்டியில் போகும்போது, நட்சத்திரங்களை எண்ணிய அந்த ஆறு வாரங்கள் ஞாபகம் வந்தன.

2036, ஜூலை. முதல் எண்ணிக்கை பதினொன்று என்று வந்தது. பத்துக்குப் பதினொன்று. பதினாலு வரவேண்டிய இடத்தில். அப்படி வந்தால் எந்த வானியல்காரனும் முதலில் செய்வது கொண்டாடுவது அல்ல. எங்கே தப்பு என்று தேடுவது. தேடினார்கள். கொத்தின் நடுவில் நெரிசல் அதிகம், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு சில நட்சத்திரங்கள் எண்ணில் விழவில்லை. சேர்த்தார்கள். பன்னிரண்டு. மங்கலான நீல நட்சத்திரங்கள் சில கருவியின் கண்ணுக்குத் தப்பியிருந்தன. சேர்த்தார்கள். பதின்மூன்று. இன்னும் கொஞ்சம் நீலம். பதினாலு.

பதினாலு வந்த அன்று கேன்டீனிலிருந்து குலாப்ஜாமூன் வரவழைத்தாள்.

செய்த திருத்தம் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. யாரும் எதையும் இட்டுக்கட்டவில்லை. பதினாலு வந்ததும் தேடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பதினொன்று வந்தபோது ஆறு வாரம் சந்தேகப்பட்டவர்கள், பதினாலு வந்தபோது ஆறு நிமிடம் கூடச் சந்தேகப்படவில்லை.

ஒருவன் சந்தேகப்பட்டான். கமர்தீன். அவள் குழுவில் மூன்று வருட ஒப்பந்தத்தில் இருந்த முப்பத்தொரு வயது ஆய்வாளன். குலாப்ஜாமூன் கிண்ணத்தைத் தொடாமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தவன், மறு வாரம் அவளுக்கு ஒரு மெயில் அனுப்பினான்.

*

கமர்தீன் இப்போது காயல்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தான். கடற்கரைச் சாலையில் நீளமான ஷெட். பெரிய பெரிய ஐஸ் பார்களைச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொளுத்தும் வெயிலில் அந்த ஒரு வாசலில் மட்டும் புகை போலக் குளிர் வழிந்தது. தாடி முழுக்க நரைத்திருந்தாலும் நிற்கிற தோரணையில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"வாங்க மேடம்" என்றான், ஆச்சரியமே இல்லாமல். "இந்தப் பக்கம் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு? நான் வானத்துல மட்டுந்தான் வழி தெரியும்னு நெனச்சேன்."

"உள்ள உக்காரலாமா கமர்?"

"உள்ளதான் உக்காரணும். வெளிய உக்காந்தா ரெண்டு பேரையும் சாக்குல சுத்தணும்."

அறையில் இஞ்சி போட்ட தேநீர் வந்தது. அவன் பெண்ணுக்கு நிக்காஹ் ஆகிவிட்டதாம். ஊர்ப் பள்ளிவாசலில் பிறை பார்க்கும் கமிட்டி ஒவ்வொரு மாதமும் அவனிடம்தான் நேரம் கேட்குமாம். "நம்ம தொழில்ல மிச்சம் அதுதான். நிலா ஒண்ணுதான். ஈஸியா எண்ணிடலாம்."

அவள் சிரிக்கவில்லை.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும் மேடம். பேப்பர்ல பாத்தேன். அந்த மெயில் இன்னும் என்கிட்ட இருக்கான்னு தெரியணும். இருக்கு."

"அதுக்கு மட்டும் வரல."

"வேற எதுக்கு?"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். உண்மையில் அதற்குத்தான் வந்திருந்தாள்.

கமர்தீன் மேசை இழுப்பறையிலிருந்து, மெயிலை அச்செடுத்த ஒரு தாளை எடுத்து வைத்தான். மஞ்சளாகியிருந்தது. படிக்கத் தேவையில்லை, மனப்பாடம்தான். 'மேடம், கடைசியாகச் சேர்த்த நீல நட்சத்திரங்களில் பெரும்பாலானவை இந்தக் கொத்தைச் சேர்ந்தவையே அல்ல. கொத்து ஒரு பக்கம் நகர்கிறது, இவை வேறு பக்கம் நகர்கின்றன. நமக்கும் கொத்துக்கும் நடுவே நிற்கிற அந்நியங்கள். அவற்றை எடுத்துவிட்டால் பதினொன்றரைதான் வருகிறது. பேச வேண்டும்.'

"பேசினோம்" என்றான் கமர்தீன். "நீங்க லிஃப்ட்டுக்கு நின்னுக்கிட்டிருந்தீங்க. 'அடுத்த பேப்பர்ல பாத்துக்கலாம் கமர்'னு சொல்லிட்டு ஏறிட்டீங்க. கதவு மூடிடுச்சு."

"நீ ஏன் விட்டே? நீயே தனியா எழுதியிருக்கலாமே?"

குரலில் குற்றச்சாட்டு இருந்தது. அவளுக்கே கேட்டது.

அவன் நிதானமாகத் தேநீரைக் குடித்து முடித்தான். "எழுதியிருக்கலாம். அந்த மாசம் ஹாலந்து வேலைக்கு உங்க சிபாரிசுக் கடிதம் போகணும். போச்சு. நல்ல கடிதம். 'நுணுக்கமான, பொறுமையான ஆய்வாளர்'. பொறுமையா இருந்தேன். போன இடத்துல ஆறு வருஷம் ஒரு நட்சத்திரத்தையும் என்னால நேராப் பாக்க முடியல. பட்டியலைத் திறந்தாலே அந்நியம் எத்தனன்னுதான் தோணும். விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். ஐஸ் நல்ல பொருள் மேடம். இருக்கா இல்லையான்னு விவாதம் கிடையாது."

வெளியே ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடி நின்றது.

"நாளைக்கு நான் என்ன சொல்லணும்?"

"சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். எண்ணினப்போ விட்டது வேற. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த மனுஷன் விஷயத்துல கருத்துக் கேட்டாங்களே. 'நட்சத்திரங்கள் அனுமதிக்கவில்லை'ன்னு எழுதினீங்களே. அப்போ என் மெயில் ஞாபகம் வந்துச்சா?"

கடலோரத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வந்துச்சு" என்றாள் அங்கயற்கண்ணி. "தேடினேன். தலைப்பைப் பாத்தேன். மறுபடி திறக்கல."

கமர்தீன் தாளை மடித்து அவள் பக்கம் நகர்த்தினான்.

*

மறுநாள் காலை ஆறு பத்துக்கு அதை நீதிபதியின் மேசையில் வைத்தாள்.

அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். கூடம் காத்திருந்தது.

"இதை நீங்க குடுக்கணும்னு கட்டாயமில்லயே அம்மா. நேத்துச் சொன்னதோட முடிச்சிருக்கலாம். இதைப் பதிவு பண்ணா நேர்மையான தவறுன்னு நான் எழுத முடியாது. விளங்குதா?"

"விளங்குது ஐயா."

"யோசிச்சுத்தான் குடுக்கீங்களா?"

"யோசிக்காமதான் இருபத்தொரு வருஷம் ஓட்டினேன். அமலதாஸ் சாருக்கு எதிரா அந்த வரியை எழுதினப்போ, சரியான எண் என் கணினியில இருந்துச்சு. 'தெரிஞ்சிருக்கணும்'னு சொல்ற விஷயம் இல்ல ஐயா, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாக்கல. என் பேப்பரை உலகம் பூரா நானூறு பேர் மேற்கோள் காட்டியிருந்தாங்க. ஒரு ஆய்வுக்கூடத்துப் பெட்டிக்காக அதைத் திரும்பத் திறக்க எனக்கு மனசு வரல."

பின்னாலிருந்து ஒரு உப்பளத்துக்காரர் எழுந்தார். கை கால் எல்லாம் வெடித்திருந்தது. "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? இந்தச் சுவரு அப்பமே வந்திருந்தா, நம்ம சனத்துல எத்தன பேரு இருந்திருப்பாங்க?"

நீதிபதி அவளைப் பார்த்தார்.

"தெரியாது" என்றாள். "அதை யாரும் எண்ணல."

மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அங்கயற்கண்ணிக்கு.

ஜெசிந்தா மூன்றாவது வரிசையில் இருந்தாள். ஒரு முறை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதன் காதை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

*

எட்டே முக்காலுக்கு எல்லோரும் கலைந்த பிறகு அங்கயற்கண்ணி பின்புறத் தாழ்வாரத்தில் வண்டிக்குக் காத்திருந்தாள். ஜெசிந்தா வந்து அவள் எதிரில் நின்றாள். இன்றைக்கு டம்ளர் இல்லை.

"தெரிஞ்சேதான் எழுதுனீங்க."

"ஆமா."

"நேத்து நா நன்றி சொன்னேன். வாங்கிக்கிட்டு நின்னீங்க."

"ஆமா ஜெசிந்தா."

ஜெசிந்தா துணிப்பையிலிருந்து தடிமனான ஒரு நோட்டை எடுத்தாள். பைண்டு போட்ட ஆய்வுக்கூட நோட்டு. "இதை நா ஆணையத்துக்குக் குடுக்கல. குடுக்கப் பயமா இருந்துச்சு. நீங்க உங்க தாளக் குடுத்துட்டீங்க. நா மட்டும் ஏன் ஒளிச்சு வைக்கணும்னு தோணிச்சு. வாசிங்க."

"என்ன இது?"

"வேலை போன பொறவு அப்பா வீட்டுக் கொல்லையில ஒரு ஷெட்டு போட்டு அந்தப் பெட்டியத் திரும்பச் செஞ்சாவ. எட்டு வருசம் ஓட்டுனாவ. உங்க மேல அவிய ஒரு நாளு கோவப்படல மேடம். கோவப்பட்டது நாங்கதான். 'அந்த அம்மா வருசக் கணக்கா உக்காந்து எண்ணிருக்காங்க. நட்சத்திரம் தப்பா இருக்காது. என் பெட்டியிலதான் எங்கயோ தப்பு இருக்கு, கண்டுபிடிக்கணும்'னு சொல்லிட்டே இருப்பாவ."

அங்கயற்கண்ணி நோட்டைப் பிரித்தாள். சின்னச் சின்ன நேரான எழுத்து. ஒவ்வொரு நாளும் வெளி வெப்பம், உள் வெப்பம், வித்தியாசம். மூன்று. மூன்று புள்ளி ஒன்று. இரண்டு புள்ளி ஒன்பது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் கையெழுத்தும் தேதியும். ஓரத்தில் குறிப்புகள். 'கதவுச் சந்து அடைத்தேன். மாற்றமில்லை.' 'வேறு தெர்மாமீட்டர். மாற்றமில்லை.' 'உப்பைச் சுரண்டிவிட்டு வெறும் பெட்டி. குளிர்ச்சி இல்லை. மறுபடி பூசினேன். மூன்று.' அவள் ஆறு வாரம் தேடினாள். இவர் எட்டு வருடம் தேடியிருக்கிறார்.

கடைசிப் பக்கம். 2046, செப்டம்பர். 'பிழை கண்டேன். வித்தியாசம் பூஜ்யம். நட்சத்திரங்கள் சரி.' கீழே இரண்டு கோடு. கையெழுத்து.

"அன்னைக்கு அப்பாவுக்கு இருந்த சந்தோசத்தப் பாக்கணுமே" என்றாள் ஜெசிந்தா. "அம்மாவக் கூப்பிட்டு, 'கண்டுபிடிச்சிட்டேம்ளா, நாந்தான் தப்பு'ன்னாவ. பெட்டியப் பிரிச்சுப் பழைய இரும்புக்குப் போட்டாவ. அடுத்த வருசம் போயிட்டாவ. நிம்மதியாத்தான் போனாவ. அதனாலதான் இதை வெளிய காட்டல. அப்பாவே தப்புன்னு எழுதி வச்சிருக்காவ, நா என்னன்னு கேஸ் போட? ஆனா இப்ப பெட்டி சரின்னு ஆயிட்டே. அப்போ அப்பா கண்டுபிடிச்ச தப்பு என்ன? அதச் சொல்லுங்க."

அங்கயற்கண்ணி அந்தப் பக்கத்தில் வரைந்திருந்த பெட்டியின் படத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். புரிய ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. புரிந்த பிறகு சொல்லத்தான் நேரமானது.

"இத்தன வருஷமும் ஒப்பிட்டுப் பாக்கிற தெர்மாமீட்டரை வெளிய வச்சிருந்தார். கடைசி நாள் அதை உள்ள மாத்தியிருக்கார். பெட்டி குளிர்ந்தப்போ அதுவும் கூடவே குளிர்ந்திருக்கு. ரெண்டும் ஒண்ணாக் குறைஞ்சா வித்தியாசம் பூஜ்யம்தானே வரும்?"

"அப்பாவுக்கு அது தெரியாதா?"

"இந்த நோட்டை எழுதினவருக்குத் தெரியாம இருக்காது."

"பொறவு?"

"பூஜ்யம் வந்துச்சு. அதோட தேடுறதை நிறுத்திட்டார்."

ஜெசிந்தா தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்தாள். கல் சுட்டிருக்கும். எழுந்திருக்கவில்லை. வெப்பம் காட்டும் கடிகாரம் மணிக்கட்டில் கூவியது. அதை அழுத்தி அடக்கினாள்.

"இதுக்கு முந்தின பக்கம் வரைக்கும் அப்பா எழுதுனது?"

"எல்லாம் சரி."

"எட்டு வருசமும்?"

"எட்டு வருஷமும். ஒரு நாள் விடாம."

ஜெசிந்தா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். நோயாளிகளின் கையில் எண் எழுதுகிற தடித்த நீலப் பேனா.

"இந்தக் கடைசிப் பக்கம் அப்பா எழுதுனது இல்ல மேடம். இது நீங்க எழுதுனது. அப்பா கையெழுத்துக்குக் கீழ உங்க பேரப் போடுங்க."

அங்கயற்கண்ணி நோட்டைத் தூணில் சாய்த்து வைத்து எழுதினாள். முழுப் பெயர். எழுத்து கோணியது.

மை காயட்டும் என்று ஜெசிந்தா நோட்டைத் திறந்தே பிடித்திருந்தாள். அந்த வெயிலில் நாலு நொடி கூட ஆகவில்லை. பிறகு அதை மூடி மார்போடு சேர்த்து எடுத்துக்கொண்டு நீதிபதியின் அறையைப் பார்த்து நடந்தாள்.